தாம்பரத்தைத் தாண்டிக் குடிபோகிறீர்களா?

சென்னை வாடகை கட்டுப்படியாகாமல் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், செங்கல்பட்டு என்று வீடு தேடும் குடும்பங்கள் நிறைய கேள்விகள் அனுப்பியிருக்கிறீர்கள். அவற்றில் ஐந்துக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: வேளச்சேரியில் 24,000 ரூபாய் வாடகை கொடுக்கிறோம். கூடுவாஞ்சேரியில் அதே இரண்டு படுக்கையறை வீடு 14,000-க்குக் கிடைக்கிறது. கணவருக்குக் கிண்டியில் வேலை. மாதம் 10,000 ரூபாய் மிச்சம்தானே? – வாசகி, வேளச்சேரி

மிச்சமாகும். ஆனால் முழுப் பத்தாயிரமும் கையில் நிற்காது.

கணவர் பழைய வருமான வரி முறையில் இருந்தால் முதல் வெட்டு அங்கேதான். அடிப்படைச் சம்பளத்தில் 10 சதவீதத்தைக் கழித்த பிறகு மிஞ்சும் வாடகைக்குத்தான் வீட்டு வாடகைப்படி விலக்கு கிடைக்கும். அடிப்படைச் சம்பளம் 50,000 என்று வையுங்கள். இப்போது 24,000-ல் 5,000 போக 19,000-க்கு விலக்கு. வாடகை 14,000 ஆனால் 9,000-க்குத்தான். வருடத்துக்கு 1,20,000 ரூபாய் விலக்கு குறைகிறது. 20 சதவீத வரி கட்டுபவர் செஸ்ஸும் சேர்த்து 24,960 ரூபாய், அதாவது மாதம் 2,080 கூடுதலாகக் கட்ட வேண்டும். சென்னைக்கு வெளியே போனால் விலக்கின் உச்சவரம்பு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதத்திலிருந்து 40 ஆகிவிடுமே என்று பலர் பயப்படுகிறார்கள். இந்தக் கணக்கில் 40 சதவீதமே 20,000 வருகிறது, 9,000 அதற்குள் அடங்கிவிடும். கைக்கடிப்பது வாடகை குறைவதால்தான். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

இரண்டாவது, கரண்ட் பில். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள்: "இந்த வீட்டுக்குத் தனி மின் இணைப்பு எண் உண்டா, வீட்டுக்காரர் இணைப்பிலிருந்து பிரித்த சப் மீட்டரா?" தனி இணைப்பு என்றால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேலும் மானியக் கட்டணம். சப் மீட்டரில் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்கினால் 300 யூனிட்டுக்கு 2,700 ஆகிவிடும். சொந்த இணைப்பில் அதே 300 யூனிட்டுக்கு இதில் பாதிகூட வராது. வாடகை சில நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் தனி இணைப்புள்ள வீட்டை எடுங்கள்.

குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன் வாங்குகிற தெருவாக இருந்தால் நான்கு பேருக்கு மாதம் இருபது கேன். கேன் 35 ரூபாய் என்றால் 700. பிறகு ரயில் சீசனும் ஸ்டேஷன் வண்டி நிறுத்தக் கட்டணமும். இதையெல்லாம் கழித்து ஐந்து, ஆறாயிரம் கையில் நின்றால் நல்ல கணக்கு. புதிய வரி முறை, தனி மின் இணைப்பு, நல்ல கிணற்றுத் தண்ணீர் மூன்றும் அமைந்தால் எட்டாயிரத்தைத் தாண்டும்.

அட்வான்ஸ் பற்றி ஒன்று. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. பத்து மாதம் என்பது பழக்கம், விதியல்ல. பேசிப் பாருங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: தினமும் ரயிலில் போய் வருவது சாத்தியமா? – வாசகர், குரோம்பேட்டை

சாத்தியம்தான், வீடு ஸ்டேஷனுக்கு நடை தூரத்தில் இருந்தால். கூடுவாஞ்சேரியிலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் சுமார் 45, 50 நிமிடம். ஸ்டேஷனிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே வீடு எடுத்தால் வண்டி எடுக்க, நிறுத்த, படியேற என்று போக அரை மணி, வர அரை மணி கூடும். "ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிடம்" என்று புரோக்கர் சொன்னால் நீங்களே நடந்து பார்த்துவிடுங்கள். ஆயிரம் சதுர அடியில் தூரத்து வீட்டைவிட, ஸ்டேஷனை ஒட்டிய 750 சதுர அடி வீடு குடும்பத்துக்கு அதிக நேரம் தரும்.

சென்னைக் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து புறப்படும் ரயில்களில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும் என்பதை வெளியூரிலிருந்து வருபவர்கள் கவனிப்பதில்லை. இரவு ஒன்பதரைக்கு மேல் ஒரு செங்கல்பட்டு வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் நிற்க வேண்டிவரும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு திங்கட்கிழமை காலையும், ஒரு வேலைநாள் இரவும் அந்த வழியில் போய்வந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு முடிவு செய்யவே கூடாது.

சீசன் எடுப்பவர்கள் மாதா மாதம் எடுக்காதீர்கள். காலாண்டு சீசனுக்கு மாதக் கட்டணத்தைப் போல 2.7 மடங்கு, அரையாண்டுக்கு 5.4, ஆண்டுக்கு 10.8 மடங்குதான். முதல் மூன்று மாதம் காலாண்டு சீசன் எடுத்து, ஒத்துவந்தால் ஆண்டுக்கு மாறுங்கள். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிப் பக்கம் குடியிருந்து, மறைமலை நகரிலோ மகிந்திரா சிட்டியிலோ வேலை என்றால் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போவீர்கள்; அப்படிப்பட்டவர்களுக்கு இந்த இடமாற்றம் கண்ணை மூடிக்கொண்டு நல்லது.

காரில் போகும் செங்கல்பட்டுக்காரர்கள் பரனூர் சுங்கச்சாவடியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களின் சொந்த வாகனத்துக்கு உள்ளூர் மாதாந்திரப் பாஸ் உண்டு. முகவரிச் சான்று வேண்டும்.

கேள்வி: மழைக்காலத்தில் தண்ணீர் புகும் வீடா என்று வெயில் காலத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகி, பல்லாவரம்

எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இது. அடையாறு ஆதனூர் ஏரிப் பக்கம்தான் தொடங்குகிறது. அதைச் சுற்றிய ஏரிகள் ஒன்று நிரம்பி அடுத்ததில் வடியும் அமைப்பு. அந்த வாய்க்கால்களை மறித்து மனை போட்ட இடங்களில்தான் தண்ணீர் நிற்கிறது. 2015-ல் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை மறந்துவிடக் கூடாது.

வீட்டு வாசலில் நின்று பாருங்கள். சாலை வீட்டுத் தரையைவிட உயரமாக இருக்கிறதா? பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்ட தெருக்களில் வீடு பள்ளத்தில் போய்விடும். சுற்றுச்சுவரில் ஒரே மட்டத்தில் கறைக்கோடு ஓடுகிறதா? மின் மீட்டர் பெட்டியும் மோட்டாரும் வழக்கத்தைவிட உயரத்தில் ஏற்றப்பட்டிருக்கின்றனவா? அப்படியானால் அந்த வீட்டுக்காரர் ஒருமுறை பட்டிருக்கிறார் என்று பொருள். தெருமுனை மளிகைக் கடையிலும் இஸ்திரி போடுபவரிடமும் "2015-ல் எதுவரை வந்தது, 2023 மிக்ஜாம் புயலில் எதுவரை வந்தது" என்று கேளுங்கள். வீட்டுக்காரரைவிட அவர்கள் சரியாகச் சொல்வார்கள்.

வீட்டுக்குள் வெள்ளம் வராத தெருவிலும் இன்னொரு தொல்லை உண்டு. பாதாளச் சாக்கடை இல்லாத தெருக்களில் செப்டிக் டேங்க்தான். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே ஏறியதும் உறைகிணற்று மண் தண்ணீரை உறிஞ்சாது; கழிவறையில் ஊற்றும் தண்ணீர் இறங்காமல் நிற்கும். லாரி வைத்து எடுத்தாலும் இரண்டு நாளில் மறுபடி நிரம்பும். தரைத்தள வீடு எடுப்பவர்கள், போன மழைக்கு எத்தனை முறை லாரி வந்தது, அந்தச் செலவு யாருடையது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். முதல் மாடி கிடைத்தால் முதல் மாடியே நல்லது.

குடிநீரை மே மாதத்தில் சோதியுங்கள். மழைக்குப் பின் சோதித்தால் உப்பு நீர்த்துப்போய்க் குறைவாகக் காட்டும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் இந்தியத் தரநிலைப்படி ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாத ஊருக்கு 2,000 வரை அனுமதி. 500-க்குள் இருக்கும் தண்ணீருக்கு ஆர்.ஓ. வேண்டாம், லிட்டர் லிட்டராகத் தண்ணீர்தான் வீணாகும். ஆனால் அந்த மீட்டர் கிருமியைக் காட்டாது. சின்ன மனைகளில் பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் உங்கள் போர்வெல்லுக்குச் சில அடிகளில் இருக்கும். குழந்தை உள்ள வீட்டில் ஒருமுறையாவது ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். அதுவரை கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

கேள்வி: மகள் ஆறாம் வகுப்பு. ஆண்டின் நடுவில் பள்ளி மாற்றலாமா? – வாசகர், மடிப்பாக்கம்

முடிந்தால் ஏப்ரல், மே வரை பொறுங்கள். முடியாவிட்டால் அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு மாற்றுங்கள். காகிதத்தில் மாற்றுச் சான்றிதழ் வாங்கியதோடு வேலை முடியாது. பழைய பள்ளி, கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் மகளின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்க வேண்டும், அப்போதுதான் புதுப் பள்ளி சேர்த்துக்கொள்ள முடியும். பள்ளியை விட்டு வரும் அன்றே விடுவித்துவிட்டார்களா என்று எமிஸ் எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். எட்டாம் வகுப்பு வரை, சான்றிதழ் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது.

கேள்வி: வாடகைக்குப் பதில் அங்கேயே மனை வாங்கிவிடலாமா? – வாசகர், நங்கநல்லூர்

ஒரு மழைக்காலம் வாடகைக்கு இருந்துவிட்டு வாங்குங்கள். விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதம் போகும். இடம் பிடிக்காமல் விற்றால் அந்தப் பணம் திரும்பாது.

வாங்கும்போது 30 ஆண்டு வில்லங்கச் சான்று, கூட்டுப் பட்டாவா தனிப் பட்டாவா என்பது, மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி.யின் ஒப்புதல் எண், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் எல்லாவற்றையும் பாருங்கள். புல வரைபடத்தை வாங்கி, மனைக்குள் வாய்க்காலோ வண்டிப்பாதையோ ஓடுகிறதா என்று ஒரு சர்வேயரைக் கூட்டிப்போய் அளக்கச் செய்யுங்கள். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ வரப்போகிறது என்று விலையை ஏற்றிச் சொல்வார்கள். இன்றைக்கு ஓடுகிற ரயிலுக்கும் பேருந்துக்கும் உரிய விலையை மட்டும் கொடுங்கள்.