துரு மருந்து என்று கடையில் கொடுத்தது துருவுக்குத்தானா?

கேள்வி: சம்பா அறுத்த வயலில் இந்த வருஷம் உளுந்துக்குப் பதிலாக ஆறு மா சோயா போட்டிருக்கிறேன். பூ எடுக்கும் நேரத்தில் அடி இலைகளில் பழுப்புப் புள்ளி வந்தது. இலையைக் கிள்ளிக் கடைக்குக் கொண்டுபோனேன். "துருதான், இதை அடிங்க" என்று கார்பன்டசிம், மேன்கோசெப் இரண்டும் கலந்த பொடியும் ஒரு டானிக்கும் கொடுத்தார்கள். 1,480 ரூபாய் ஆயிற்று. பத்து நாளாகியும் புள்ளி மேல் இலைக்கு ஏறிக்கொண்டே இருக்கிறது. இதைவிட விலை கூடிய மருந்து வாங்கலாமா?
- மன்னார்குடி பக்கத்து விவசாயி

பதில்: விலையை விடுங்கள், முதலில் அது பூஞ்சாணத்தால் வரும் துரு நோய்தானா என்று பாருங்கள். புள்ளி உள்ள நாலைந்து இலைகளை ஈரக் காகிதத்தோடு ஒரு பாலித்தீன் பையில் போட்டு, வாயைக் கட்டி, ஒரு ராத்திரி வீட்டுக்குள் வையுங்கள். காலையில் இலையைத் திருப்பி, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்ஸில் பாருங்கள். துரு என்றால் அடிப்பக்கத்தில் உச்சியில் துளையுள்ள குட்டிக் குட்டி மேடுகள் தெரியும். வெள்ளைத் துணியால் துடைத்தால் பழுப்புப் பொடி ஒட்டும். மேடு இருந்து, வெடித்தும் இருந்து, பொடி மட்டும் இல்லையென்றால் அது பாக்டீரியாக் கொப்புளமாக இருக்கலாம். அதற்குப் பூஞ்சாணக் கொல்லி வாங்குவது காசைக் கரைப்பதுதான். சந்தேகம் தீரவில்லையா, அந்தப் பையையே எடுத்துக்கொண்டு ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கோ உங்கள் வட்டார வேளாண் அலுவலகத்துக்கோ போய்வாருங்கள்.

துருதான் என்று தெரிந்துவிட்டால், உங்களுக்குக் கொடுத்த பொடியின் கதையைப் பார்ப்போம். கார்பன்டசிம் வேறு பல இலைப்புள்ளிகளுக்கு நல்ல மருந்து, துருவிடம் அதன் பாச்சா பலிக்காது. மேன்கோசெப் இலையின் மேல் படிந்து புதிதாக விழும் பூஞ்சாண வித்துகளை முளைக்க விடாது. ஆனால் உள்ளே புகுந்துவிட்ட பூஞ்சாணத்தை அதனால் தொட முடியாது. ஆக, பாதி மருந்துக்கு வேலையே இல்லை, மீதி பாதி தாமதமாக வந்து சேர்ந்தது. டானிக்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

கடையில் பிராண்ட் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள், உள்ளே இருக்கும் சரக்கின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: புரோபிகோனசோல் 25 இசி அல்லது ஹெக்சகோனசோல் 5 இசி (எண் மருந்தின் சதவீதம், 'இசி' என்றால் தண்ணீரில் விட்டால் பால்போல் கலங்கும் திரவம்). சோயாத் துரு வருஷா வருஷம் வாட்டும் மகாராஷ்டிரத்தின் சாங்லி, கோலாப்பூர், கர்நாடகத்தின் பெலகாவி, தார்வாட் பக்கமெல்லாம் நெடுநாளாக அடித்துவருவது இவற்றைத்தான். லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 மில்லி. உங்கள் ஆறு மாவுக்கு, அதாவது இரண்டு ஏக்கருக்கு, 400 மில்லி. 16 லிட்டர் பேட்டரி டேங்க்கில் இருபத்தைந்து டேங்க். பாட்டில் மூடியால் அளக்காதீர்கள், மூடிக்கு மூடி அளவு மாறும். மருந்துக்கென்றே ஓர் அளவுக் குவளை வைத்துக்கொள்ளுங்கள். மேலாக நடந்துகொண்டே அடித்தால் பிரயோஜனமில்லை, அடி இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும்.

அப்புறம், இரண்டு வாரம் கழித்து மறுபடி அடிக்க நேர்ந்தால் "மருந்தை மாற்றி அடி" என்பார்கள். புரோபிகோனசோலுக்கு அடுத்து ஹெக்சகோனசோல் வாங்கினால் மாற்றியதாக ஆகாது. பெயர் 'கோனசோல்' என்று முடிகிறதே, இரண்டும் ஒரே குடும்பம். 'ஸ்ட்ரோபின்' என்று முடிவது வேறு குடும்பம். அதில் வாங்குவதானால் மருந்தோடு வரும் துண்டுப் பிரசுரத்தில் சோயாவும் துருவும் சேர்ந்து எழுதியிருக்கிறதா என்று படித்துவிட்டுக் காசை எடுங்கள். பிரேசிலுக்குள் இந்தத் துரு 2001-இல் நுழைந்தது. ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்து அதற்குத் துருவைப் பழக்கிவிட்டார்கள். இப்போது நம் பழைய மேன்கோசெப்பையே துணைக்குச் சேர்த்து அடிக்கிறார்கள்.

ஒன்று கவனியுங்கள். இலை ஆறு மணி நேரமாவது ஈரமாக இருந்து, வெப்பம் 15 முதல் 28 டிகிரிக்குள் இருந்தால்தான் துருவுக்குக் கொண்டாட்டம். மாசிப் பனியில் ஏறும், பங்குனி வெயிலில் தானே தளரும். காயில் மணி முற்றி இலை பழுக்கத் தொடங்கிவிட்டதா, மருந்தே வாங்க வேண்டாம்.

கேள்வி: சம்பாவில் இலையுறை கருகலுக்கு வாங்கிய ஹெக்சகோனசோல் அரை பாட்டில் மீதி இருக்கிறது. சோயாவுக்கு அடிக்கலாமா?
- பாபநாசம் வாசகி

பதில்: பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். நெல்லுக்கு விற்பது பெரும்பாலும் 5 எஸ்சி (மருந்துத் துகள் தண்ணீரில் மிதக்கும் கெட்டித் திரவம்), நான் மேலே சொன்னது 5 இசி. பிரசுரத்தில் சோயா இல்லையென்றால் அடுத்த சம்பாவுக்கே வைத்துக்கொள்ளுங்கள், காலாவதித் தேதி அதுவரை இருந்தால். லேபிள் கிழிந்த பாட்டில் என்றால் எந்தப் பயிருக்கும் வேண்டாம்.

கேள்வி: காலாவதியான மருந்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். துண்டுச் சீட்டில் தொகை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். என்ன செய்யலாம்?
- திருவாரூர் வாசகர்

பதில்: காலாவதி மருந்தை விற்பதே குற்றம். இன்னும் திறக்காத பாட்டில் இருந்தால் திறக்காதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. தொகுதி எண், தேதி, துண்டுச் சீட்டு எல்லாவற்றையும் படம் எடுத்து, வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். "விவசாயி நுகர்வோர் ஆக மாட்டார்" என்று யாராவது சட்டம் பேசினால், விதை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2012-இலேயே விவசாயியும் நுகர்வோரே என்று சொல்லிவிட்டதை எடுத்துச் சொல்லுங்கள். துண்டுச் சீட்டு பலவீனமான ஆதாரம்தான். கூகுள் பேயில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவையும் அச்செடுத்து இணையுங்கள்.