துரை என்று அழைக்கப்பட்டவன்

அன்புள்ள ஐயா,

பதினொரு வயதாகும் என் மகன் உளவாளிக் கதைகளைத் தவிர வேறெதையும் வாசிப்பதில்லை. அவன் ஒளித்து வைத்திருந்த குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். தனக்கு மூன்று புனைபெயர்கள் சூட்டிக்கொண்டு, எங்களுக்கும் சங்கேதப் பெயர்கள் வைத்திருக்கிறான். இக்கதைகளால் குடும்பப் பற்றும் ‘நான் யார்’ என்ற தெளிவும் குலைந்துவிடாதா? மதிப்பெண்ணும் குறைகிறது.

ஒரு தாய், அம்பாசமுத்திரம்

அன்புள்ள அம்மா,

மதிப்பெண்ணை விடுங்கள், அது ஏறும், இறங்கும். என்னைக் குத்தியது அந்தக் குறிப்பேடுதான். ‘வினைசெய்வார் தம்சுற்றம் வேண்டாதார் என்றாங்கு அனைவரையும் ஆராய்வது ஒற்று’ என்று சுற்றத்தையும் விட்டுவைக்காமல் ஆராயச் சொன்ன வள்ளுவர், அதை நாடாளும் அரசனுக்குச் சொன்னார். பிள்ளை பெற்றவளுக்குச் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் ஒற்றர் யார் என்று என்னைக் கேட்டால், நான் உங்கள் மகனைக் கைகாட்ட மாட்டேன்.

புனைபெயருக்கா இத்தனை பதற்றம்? தாமிரபரணிக் கரையில் எனக்கு வைத்தது தாத்தாவின் பெயர். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாகாது என்பதனால், என் தாய் தம் இறுதிநாள்வரை என்னை அப்பெயரால் அழைத்ததே இல்லை. வீட்டில் நான் ‘துரை’. பள்ளியில் சேர்க்கப் போன அன்று தலைமையாசிரியர் பெயரைக் கேட்டபோது, அம்மா பதில் சொல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் சொல்லக்கூடாத பெயரை, ஐந்து வயதில், அவருக்காக நான்தான் சொன்னேன். ‘பெயரன்’ என்பதே பேரனாயிற்று என்பதைப் பின்னாளில் படித்தபோது எனக்குத் தலைமையாசிரியரின் அந்த மேசைதான் நினைவுக்கு வந்தது. இரண்டில் எது நான் என்ற குழப்பம் ஒருநாளும் வந்ததில்லை. எப்பெயரால் யார் கூப்பிடுகிறார்கள் என்பதிலேயே நான் யாருக்கு என்ன உறவு என்பது அடங்கியிருந்தது. உளவாளிக் கதை வாசிக்கும் பிள்ளைக்கு, பெயரைக் கழற்றி வைத்த பிறகும் மிஞ்சுவது எது என்று பார்க்கும் ஆசை வருகிறது. அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவனுக்கு நூர் இனாயத் கானைப் பற்றிச் சொல்லுங்கள். இந்திய சூஃபி இசைஞருக்கும் அமெரிக்கத் தாய்க்கும் 1914இல் மாஸ்கோவில் பிறந்து, பாரிஸ் அருகே வளர்ந்து, 1939இல் பிள்ளைகளுக்காக, புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் இருபது ஜாதகக் கதைகளை எழுதியவர். 1943இல் பிரிட்டனின் ஒற்றராக, கம்பியில்லாத் தந்தி இயக்குபவராக, ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிஸுக்குச் சென்றார். ஒற்றர் பயிற்சியின்போது நோரா பேக்கர், சங்கேதத்தில் மேடலின், போலித் தாள்களில் ழான்-மரி ரெனியே. புத்தர் குரங்காகவும் மானாகவும் பிறந்த கதைகளைச் சொன்னவருக்கு இது பெரிய மாற்றமாகத் தோன்றியிருக்காது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. பிடிபட்டு, 1944 செப்டம்பரில் நாஜிகளின் டாகாவ் வதைமுகாமில் கொல்லப்படும்வரை அவர் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அனுப்பிய செய்திகளை அவர் எழுதிவைத்திருந்த குறிப்பேடுதான் பகைவர் கையில் சிக்கி, அவர் பெயரிலேயே பொய்ச் செய்தி அனுப்ப உதவியது.

உங்கள் மகனின் குறிப்பேட்டையும் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அதில் உங்களுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறான் என்பதை மட்டும் கடிதத்தில் எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.