டைக்கோடஸ் சுறாவா, திருக்கையா?

பல் மட்டுமே கிடைத்த, அழிந்துபோன கடல் விலங்கான டைக்கோடஸைச் சுறா என்று எப்படிச் சொல்கிறார்கள், அது திருக்கையாக இருக்கக் கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் நிலவியல் மாணவர் என்று கருதிக்கொள்கிறேன். இதே கேள்வியை என்னிடமும் ஒருவர் கேட்டார். அவர் கையில் மதிப்பெண் பட்டியல் இருந்தது.

சென்னையில் முதுகலை படித்தபோது எங்களைப் பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்குக் களப்பயணமாக அழைத்துச் சென்றார்கள். ஜிப்சம் தகடுகள் வெயிலில் மின்னும் அந்தக் களிமண் ஓடைகளில் மற்றவர்கள் பெலம்னைட் (கணவாயின் அழிந்துபோன உறவு) குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டிருக்க, எனக்குப் பாதிக் கொட்டைப்பாக்கு அளவில், புதிதாகக் கொத்திய அம்மியைப் போல வரிவரியாக மேடுகள் கொண்ட ஒரு பல் அகப்பட்டது. (காரைப் பாறைகளிலிருந்து டைக்கோடஸ் டெகரன்ஸ் என்ற இனம் ஆய்விதழ்களில் பதிவாகியிருக்கிறது, கதை விடுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.)

வாய்மொழித் தேர்வில் அதைச் சுறாப் பல் என்றேன். புறத்தேர்வாளரோ, இரையின் ஓடுகளை நொறுக்கும் தட்டைப் பல் திருக்கைக்கே உரியது என்றும், காசிமேட்டில் ஒரு திருக்கையின் வாயைத் திறந்து பார்த்திருந்தால் இவ்வாறு உளற மாட்டேன் என்றும் சொல்லி மதிப்பெண்ணைக் குறைத்தார். அவரை முழுதும் குற்றம் சொல்வதற்கில்லை. சுறா, திருக்கை இரண்டின் எலும்புக்கூடும் குருத்தெலும்புதான்; அது மட்கிவிடும், பல்தான் மிஞ்சும். 1830களில் புதைபடிவ மீன்களை ஆராய்ந்த லூயி அகாசி இப்பேரினத்துக்குப் பெயரிட்டதும் பற்களைக் கொண்டே. அதன் உறவுமுறை பற்றிய வழக்கு அதன்பின் நெடுங்காலம் இழுத்தது. நானும் அன்று காரணம் அறிந்து சொல்லவில்லை, பாடநூலில் இருந்ததை ஒப்பித்தேன்.

வழக்கு தீர்ந்தது 2024இல்தான். மெக்சிகோவின் வயேசியோ சுண்ணாம்புப் பாறைகளில் உடலும் துடுப்புகளும் பதிந்த முழுமையான புதைபடிவங்கள் கிடைத்து, டைக்கோடஸ் திருக்கையைப் போலத் தட்டையாகக் கடலடியில் படுத்துக் கிடந்ததன்று, பெரும் வெள்ளைச் சுறா அடங்கிய லாம்னிஃபார்மிஸ் வரிசையைச் சேர்ந்த, விரைந்து நீந்தும் சுறா என்பது தெரிந்தது. அம்மோனைட்டுகளையும் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிர்கள்) கடலாமைகளையும் அது துரத்திப் பிடித்து நொறுக்கியிருக்கலாம் என்று கருதுகிறார்கள். ஓடுள்ள இரையைத் தின்பதால் சுறாவுக்கும் திருக்கைக்கும் தனித்தனியே தட்டைப் பல் அமைந்திருக்கிறது. அந்த ஒற்றுமையை உறவாக எடுத்துக்கொண்டதே பிழை.

என் பல்லைத் துறையின் அலமாரியில் 'திருக்கை, காரை' என்று சீட்டு ஒட்டி வைத்தார்கள். ஆய்வுக்கூடத்தை மாடிக்கு மாற்றியபோது அந்தப் பெட்டி காணாமல் போயிற்று. வாய்மொழித் தேர்வுக்கு மறுமதிப்பீடும் கிடையாது.