ஸிங்காரோ போக வெளிக்கிடுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

இத்தாலியின் சிசிலித் தீவின் வடமேற்கு மூலையில், ஸ்கொப்பெல்லோ என்ற சிற்றூருக்கும் சான் வீத்தோ லோ காப்போவுக்கும் நடுவில் இருக்கிறது ஸிங்காரோ இயற்கைக் காப்பகம். ஏறக்குறைய 7 கிலோமீட்டர் கடற்கரை, பின்னால் மலை. இதே தீவின் பலெர்மோ நகரில் இருப்பதால் கோடை தொடங்கினாலே எனக்கு இதைப் பற்றித்தான் போன் வரும். வந்த கேள்விகளுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணா, காரைக் கடற்கரைக்குப் பக்கத்திலேயே நிறுத்தலாமா? அம்மாவுக்கு முழங்கால் நோ. (மிலான்)

முடியாது தங்கச்சி. வாசலோடு கார் நின்றுவிடும், உள்ளே ரோடே கிடையாது. ஒரு காலத்தில் போடத்தான் பார்த்தார்கள். இரண்டு ஊரையும் கரையோரமாக இணைக்கும் ரோட்டு வேலை தொடங்கியும்விட்டது. 1980 மே 18 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் இந்தக் கரையில் நடந்து போய் அதை எதிர்த்தார்கள். வேலை நின்றது. அடுத்த வருடமே, 1981இல், சிசிலியின் முதல் இயற்கைக் காப்பகமாக இதை அறிவித்தார்கள். ஸ்கொப்பெல்லோ வாசலால் போனால் முதலில் ஒரு சுரங்கப் பாதைக்குள் நுழைவீர்கள். அந்த ரோட்டுக்காகக் குடைந்ததுதான் அது. இப்போது அதற்குள் ஆட்கள் மட்டும்தான் நடக்கிறார்கள்.

அம்மாவுக்கு என்றால், சான் வீத்தோ பக்க வாசலில் இருந்து தொன்னரெல்லா தெல்லூட்ஸோ என்ற குடாதான் மிகக் கிட்ட. அங்கேயும் கடைசி இறக்கம் கல்லும் முள்ளும்தான். நோ கடுமையாக இருந்தால் சான் வீத்தோ ஊர்க் கடற்கரையிலேயே இருக்க விடுங்கள். நல்ல வெள்ளை மணல், ஊருக்குள்ளேயே இருக்கிறது.

எந்த வாசல் நல்லது? ஒரு வாசலால் போய் மற்றதால் வெளியே வரலாமா? (லண்டன்)

வரலாம், ஆனால் கார் மற்றப் பக்கத்தில் நிற்குமே! நேர் ரோடு இல்லாததால் மலையைச் சுற்றித்தான் திரும்ப வேண்டும், ஒரு மணித்தியாலம் போய்விடும். போன வழியே திரும்பி நடப்பதுதான் எல்லோரும் செய்வது. கரையோரப் பாதையில் ஒரு தலைப்பில் இருந்து மறு தலைப்புக்கு இரண்டு, இரண்டரை மணித்தியாலம். மேலே மலைப் பக்கமாக இன்னும் இரண்டு பாதைகள் உண்டு, அங்கே ஆட்கள் குறைவு.

எனக்குத் தெற்கு வாசல், அதாவது ஸ்கொப்பெல்லோ பக்கம்தான் பிடிக்கும். முதலில் வரும் காப்ரெரியா குடாவில் பாதிச் சனம் பாயை விரித்துவிடும். நீங்கள் அங்கே நிற்காமல் நடவுங்கள். திசா, பெரெத்தா, மரினெல்லா என்று குடாக்கள் அடுத்தடுத்து வரும். மரினெல்லாவில் மணலும் இல்லை, சரளையும் இல்லை, வெறும் பாறை. தண்ணீரோ அடி தெரிகிற தெளிவு.

எந்த மாதம் வரலாம்?

ஆகஸ்டில் வேண்டாம். நெருக்கம் ஒரு பக்கம், ஆப்பிரிக்காவில் இருந்து வரும் ஷிரோக்கோ காற்று மறுபக்கம். காட்டுத்தீ அபாயம் கூடின நாட்களில் வாசலையே மூடிவிடுவார்கள், அதனால் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். பூவும் பறவையும் பார்க்க ஏப்ரல், மே. நீந்த வேண்டுமென்றால் செப்டம்பர் கடைசி: கடலில் சூடு இருக்கும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியிருக்கும்.

என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

தண்ணீர், தண்ணீர், தண்ணீர். ஆளுக்கு இரண்டு லீட்டர் குறையக் கூடாது. உள்ளே கடை இல்லை, நிழலும் அரிது. சாப்பாட்டுக்கு ஸ்கொப்பெல்லோவில் ‘பானே குன்ஸாத்தோ’ வாங்கிச் சுற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். சூடான பாணில் தக்காளி, நெத்தலி, சீஸ், ஒலிவ் எண்ணெய் வைத்தது. ரப்பர்ச் செருப்போடு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும், பாதை முழுக்கக் கூரான சுண்ணாம்புக்கல். கடலுக்குள் இறங்கவும் தனிச் சப்பாத்து இருந்தால் நல்லது. பாறையில் கடல் முள்ளெலி ஒட்டியிருக்கும், மிதித்தால் அன்றைய பயணம் அதோடு சரி.

படங்களில் வடலி மாதிரி ஒன்று நிற்கிறதே, பனையா? (யாழ்ப்பாணம்)

நானும் முதல் தடவை வடலி என்றுதான் நினைத்தேன்! குள்ளப் பனை அது, இந்தக் காப்பகத்தின் அடையாளமே அதுதான். ஐரோப்பாவில் இயற்கையாக வளரும் பனை வகைகள் மிகச் சில, அதில் இது ஒன்று. விசிறி ஓலை, காம்பில் முள், உயரம் பெரும்பாலும் இடுப்பளவு. இந்த ஊர்ச் சனம் இதன் ஓலையில் கூடை இழைத்தார்கள், கயிறு திரித்தார்கள், விளக்குமாறு கட்டினார்கள். உள்ளே அந்த வேலைப்பாடுகளுக்கு ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. கடகமும் நீத்துப்பெட்டியும் இழைத்த கைகளுக்கு அங்கே விளக்கப் பலகை தேவையில்லை. என் மாமியார் ஒரு கூடையைத் திருப்பிப் பார்த்து, “அடி சரியாக முடியவில்லை” என்றார்.

2020இல் எரிந்துபோனதாமே, இப்போது பார்க்க என்ன இருக்கிறது?

எரிந்தது உண்மை. அந்த ஆகஸ்டில் பெரும்பகுதி போனது. அதற்கு முன் 2012இலும் பெரிய தீ வந்தது. ஆனால் குள்ளப் பனை அடியில் இருந்து திரும்பத் துளிர்க்கிற சாதி, கரிக்கட்டை நடுவிலேயே பச்சை ஓலை விடும். மரங்கள் வளரத்தான் காலம் எடுக்கும், மேல் பாதைகளில் அந்த வெறுமை தெரியும்.

ஊட்ஸோ குகை பார்க்க வேண்டியதா?

கட்டாயம். வடக்கு வாசலில் இருந்து கிட்ட. விவசாயம் தெரியாத, வேட்டையாடி வாழ்ந்த மனிதர்களின் புதைகுழிகள் அங்கே கிடைத்தன. பின்னாளில் இடையர்கள் ஆடு அடைத்ததும் அதே குகையில்தான்.

கூடாரம் அடிக்கலாமா?

கூடாது. நெருப்பும் கூடாது.

கார் இல்லாமல் வர முடியுமா? (பலெர்மோ)

தம்பி, காஸ்தெல்லம்மாரே தெல் கோல்ஃபோவுக்குப் பஸ், அங்கிருந்து ஸ்கொப்பெல்லோவுக்கு இன்னொரு பஸ். ஊரில் இருந்து வாசலுக்கு இரண்டு கிலோமீட்டர் அளவில் நடக்க வேண்டும். சான் வீத்தோவுக்கும் பஸ் உண்டு, ஆனால் அங்கிருந்து வாசல் பத்துக் கிலோமீட்டருக்கு மேல், நடக்கிற வேலை இல்லை. திரும்பும் கடைசி பஸ்ஸின் நேரத்தைப் போகும்போதே கேட்டு எழுதிக்கொள்ளும். நான் ஒருமுறை பலகையில் போட்டிருந்ததை நம்பி நின்றேன். அது போன வருட அட்டவணை. இரவு ஒன்பது மணிக்குத் தக்காளி ஏற்றி வந்த ஒரு சின்ன லொறிதான் என்னை ஏற்றிக்கொண்டு வந்தது.