உள்ளாட்சி நாய்க் காப்பகங்கள்: கேள்வி பதில்

நகராட்சி, மாநகராட்சிக் காப்பகங்களின் நிலையையும் மேற்பார்வையையும் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, உள்ளாட்சிக் கண்காணிப்புக் குழு ஒன்றில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் பதிலளிக்கிறார்.

கேள்வி (தாம்பரம்): கருத்தடை மையத்தைத்தான் எங்கள் பகுதியில் காப்பகம் என்கிறோம். இரண்டும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, நாயைப் பிடித்து, அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, புண் ஆறியதும் பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். சென்னையில் ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1964இல் தொடங்கிய இம்முறையை மாநகராட்சி 1996இல் ஏற்றது. ஆகவே நம் மையங்கள் சில நாள் தங்கலுக்காகக் கட்டப்பட்டவை. ஆனால் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கப்படும் நாய்களை அங்கே திரும்ப விடாமல் காப்பகத்தில் வைக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7 அன்று உத்தரவிட்டது. சில நாள் தங்கலுக்கான கூண்டில் ஒரு நாயை ஆண்டுக்கணக்கில் அடைத்து வைப்பதைக் காப்பகம் என்று நான் ஏற்க மாட்டேன்.

கேள்வி (மதுரை): நாங்கள் பார்வையிட்டபோது எல்லாம் பளிச்சென்று இருந்தது. இருந்தும் குட்டிகள் தொடர்ந்து இறக்கின்றன என்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சென்றால் எந்த இடமும் பளிச்சென்றுதான் இருக்கும். காலையில் கூண்டு கழுவும் நேரத்துக்குச் சென்று, துடைப்பத்தைப் பின்தொடருங்கள். நோயுற்ற நாய்களின் கூண்டைத் தேய்த்த அதே துடைப்பம் அடுத்துக் குட்டிகளின் கூண்டுக்குள் போகிறதென்றால், இறப்புக்கான காரணத்தை நீங்கள் நேரிலேயே பார்த்துவிட்டீர்கள். குட்டிகளுக்கு முதலிலும், நலமான பெரிய நாய்களுக்கு அடுத்தும், நோயாளிகளுக்குக் கடைசியிலும் வேலை நடக்க வேண்டும்.

குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கு நோயைப் பரப்பும் பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். பினாயில் வாசனைக்கு அது அசையாது. முதலில் மலத்தை அகற்றி, சோப்பு நீரால் தேய்த்துக் கழுவிய பிறகு, 5 விழுக்காட்டுச் சோடியம் ஹைப்போகுளோரைட் ஒரு பங்குக்கு 30 பங்கு நீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஊறவிட வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் மருந்து வீண். நாய்களை உள்ளே வைத்துக்கொண்டே குழாயால் நீரடிப்பது இன்னொரு கேடு: நனைந்த தையலில் சீழ் பிடிக்கும். புதிதாக வரும் நாய்களைத் தனியே வைக்க ஓர் அறை இருக்கிறதா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் அந்த அறையில் தீவன மூட்டைகள்தான் இருக்கும்.

கேள்வி (ஈரோடு): பதிவேட்டைக் காட்ட மறுக்கிறார்கள். எப்படிப் பெறுவது?

பதில்: தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் மனு செய்யுங்கள், 30 நாள்களுக்குள் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. நகல் கேட்பதோடு நில்லாமல், ஆவணங்களையும் பணிகளையும் நேரில் பார்வையிடவும் பிரிவு 2(ஜெ) உரிமை தருகிறது. பலர் இதைக் கேட்பதே இல்லை.

கையில் கிடைத்ததும் ஒரே ஒரு கணக்கைப் போடுங்கள். மாதத் தொடக்கத்தில் இருந்தவற்றோடு புதிதாக வந்தவற்றைக் கூட்டினால் கிடைக்கும் எண்ணும், விடுவித்தவை, தத்துக் கொடுத்தவை, இறந்தவை, மாத இறுதியில் இருப்பவை ஆகியவற்றின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். உதாரணத்துக்கு, 40 நாய்கள் இருந்த இடத்தில் 200 வந்து, 190 விடுவிக்கப்பட்டு, 12 இறந்து, 30 மீதமிருந்தால், 8 நாய்களுக்குக் கணக்கு இல்லை. கருணை பற்றி உரை நிகழ்த்தும் மனுவுக்கு அலுவலகம் பணிவாகப் பதில் எழுதி முடித்துவிடும். அந்த 8 எங்கே என்று கேட்டால் யாராவது எழுந்து கோப்பைத் தேடியாக வேண்டும்.

கேள்வி (கோவை): கருத்தடை செய்த நாய் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒப்பந்ததாரருக்குப் பணம் தருவதால் பொய்க்கணக்கு வராதா?

பதில்: வரும். அதனால்தான் அறுவையில் அகற்றிய இனப்பெருக்க உறுப்புகளைப் பாதுகாத்து வைத்து, கண்காணிப்புக் குழு எண்ணிச் சரிபார்த்த பிறகு அழிக்கும் நடைமுறை இருக்கிறது. ஆனால் எண்ணுவதால் எண்ணிக்கையை மட்டுமே உறுதி செய்ய முடியும். அவசரத்தில் செய்த அறுவையின் தரம் அதில் தெரியாது. அறுவைக்குப் பிந்தைய இறப்புகளுக்குப் பிரேதப் பரிசோதனை கட்டாயம் என்றும், காரணம் எழுதப்படாத இறப்புக்குத் தொகை இல்லை என்றும் ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லி மன்றக் கூட்டத்தில் உங்கள் வார்டு உறுப்பினர் மூலம் வலியுறுத்துங்கள்.

கேள்வி (திருச்சி): பணியாளர்கள் நாய்களை முரட்டுத்தனமாகக் கையாளுகிறார்கள். அவர்களை நீக்கச் சொல்லலாமா?

பதில்: கொடுமை செய்தவர் மீது நடவடிக்கை கேளுங்கள். அதற்கு முன், அவர்களுக்கு வெறிநோய் முன்தடுப்பூசி போட்டிருக்கிறார்களா, வலையும் கையுறையும் கொடுத்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். கடிபடுவோம் என்று அஞ்சுகிறவரின் பிடி முரடாகத்தான் இருக்கும்.

கேள்வி (சேலம்): உள்ளே எடுத்த காணொளியைச் சமூக ஊடகத்தில் வெளியிடலாமா?

பதில்: வெளியிட்ட மறுநாள் வாயிற்கதவு தன்னார்வலர்களுக்கு அடைபடுவதைப் பார்த்திருக்கிறேன். நாள், நேரம், கூண்டு எண் குறிப்பிட்டு ஆணையருக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புதல் சீட்டு வாங்குங்கள். கண்காணிப்புக் கேமராப் பதிவு சில நாள்களில் அழிந்துவிடும். ஆகவே அதைப் பாதுகாத்து வைக்கும்படி அதே புகாரில் கேளுங்கள். உள்ளாட்சிக் கண்காணிப்புக் குழுவில் பொதுச் சுகாதாரம், கால்நடை பராமரிப்புத் துறை ஆகியவற்றின் அலுவலர்களோடு விலங்கு நல அமைப்புகளின் பிரதிநிதிகளும் இருப்பார்கள். அவர்களுக்கும் நகல் போகட்டும். பதில் வராவிட்டால் காணொளி எப்போதும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

கேள்வி (கடலூர்): எங்கள் நகராட்சியில் அப்படி ஒரு குழு இருப்பதாகவே தெரியவில்லையே?

பதில்: கடைசிக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைக் கேட்டு மனு போடுங்கள். குழு இல்லையென்றால், அந்த மனு வந்த பிறகாவது அமைப்பார்கள்.