நாகருக்குச் சக்தி போதும், வழக்கம் கொடுங்கள்

கேள்வி: நான் பாலக்கோட்டில் வசிக்கிறேன். ஞாயிறு மாலைகளில் நண்பர்கள் ஐந்து பேர் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கூடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி ஆடும் கற்பனைக் கதை விளையாட்டு; நடத்துவது நான். களம், பழைய தகடூரைப் போன்ற ஒரு நாடு. அங்கே மனிதரோடு நாகரும் வாழ்கிறார்கள். நாகர் இனத்துக்கு மட்டும் 12 பக்கம் எழுதினேன். நஞ்சு ஏறாது, உருமாறுவார்கள், நெற்றியில் நாகமணி உண்டு. ஆசையாக நாகப்பெண்ணை எடுத்துக்கொண்ட தோழி இரண்டே வாரத்தில் வேறு பாத்திரம் கேட்கிறார். எங்கே பிசகியது? அம்மா வெள்ளிதோறும் புற்றுக்குப் பால் ஊற்றுபவர். இந்த ஆட்டம் அவர் மனத்தைப் புண்படுத்துமோ என்றும் தயக்கமாக இருக்கிறது. நாகருக்கு வால் வைப்பதா, கால் வைப்பதா என்பதும் இன்னும் முடிவாகவில்லை.

பதில்: 12 பக்கத்தையும் படித்தேன். ஒன்பது பக்கம் அரச வம்சாவளி, இரண்டு பக்கம் போர், கடைசிப் பக்கம் சக்திகள். ஒரு நாகப்பெண் காலையில் எழுந்ததும் என்ன செய்வாள், யாருக்கு அஞ்சுவாள், எதைத் தின்னமாட்டாள் என்று ஒரு வரிகூட இல்லை. உங்கள் தோழிக்குக் கிடைத்தது மேலே செதில் ஒட்டிய ஒரு மனிதப் பெண்தான். அவர் சலித்துக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை. வம்சாவளி உங்களுக்கு உதவும், வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் உட்கார்ந்து ஆடுபவருக்கு வேண்டியது வழக்கம். அதைத் தேடி எங்கும் போக வேண்டாம், பாம்பின் உடம்பிலேயே இருக்கிறது.

முதலில் சக்திகள், அதில் சொல்ல அதிகமில்லை. சில ஆண்டுகளுக்கு முன் கிருஷ்ணகிரியில் நான் நடத்திய ஆட்டத்தில், குறுநிலத் தலைவர் வீட்டு விருந்தில் நஞ்சு கலந்தது யார் என்று கண்டுபிடிக்க மூன்று வாரத்துக்கான புதிரைப் பின்னி வைத்திருந்தேன். நாகராக ஆடிய நண்பர் எழுந்தார். வரிசையாக எல்லாக் கோப்பையையும் குடித்தார். "இதில் இருக்கிறது" என்று ஒன்றைக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். மூன்று வாரம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. தவறு அவருடையது அல்ல, நஞ்சு அறவே ஏறாது என்று எழுதிக் கொடுத்தவன் நான். இந்த வகை விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்ததான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (1974) கூட இதில் வழுக்கியிருக்கிறது. யுவான்-டி என்ற பாம்பு மனிதர்கள் 1981இல் எதிரிகளாக அதில் நுழைந்தார்கள். 2016இல் ஆடுவோரும் அவர்களை ஏற்கலாம் என்று விதி வந்தபோது நஞ்சு அவர்களுக்கு முற்றிலும் ஏறாது என்றிருந்தது. 2022இல் நஞ்சின் பாதிப்பு பாதியாகும் என்று குறைத்துவிட்டார்கள்.

நீங்கள் பாதி கணக்கெல்லாம் போட வேண்டாம். நல்லபாம்பின் உடம்பு தன் இனத்தின் நஞ்சைப் பெருமளவு தாங்கும். விரியனின் நஞ்சுக்கு அதே தாங்குதிறன் அதற்குக் கிடையாது. அதையே விதியாக்குங்கள். தன் குலத்து நஞ்சு ஏறாது, அடுத்த குலத்து நஞ்சு ஏறும். உடனே நாகருக்குள்ளேயே கொலையும் சந்தேகமும் சாத்தியமாகின்றன.

கடிப்பதற்கும் கணக்கு வேண்டும். நஞ்சு என்பது உமிழ்நீரைப் போல ஒரு சுரப்பு. பை காலியானால் மீண்டும் நிறையப் பல நாள் ஆகும். பாம்புகள் நஞ்சை இறக்காமல் வெறுமனே கடிப்பதும் உண்டு. ஆகவே உங்கள் நாகப்பெண் ஒருவனைக் கடித்தால், அந்த வாரம் முழுக்க அவள் பையில் என்ன மிச்சம் என்பது அவளுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். நஞ்சுக்குச் சந்தையும் உண்டு. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இதைத்தான் தொழிலாகச் செய்கிறது. பாம்பைப் பிடித்துச் சில வாரம் மண்பானையில் வைத்து, நஞ்சு எடுத்து, பிறகு காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடிக்கான மருந்து தயாராகிறது. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது நினைவிருக்கும். உங்கள் நாட்டில் நாகர்களே வைத்தியருக்குத் துளிக்கணக்கில் நஞ்சு விற்கட்டும். அரண்மனைக் கொலைகாரனும் அதே கடைக்குத்தான் வருவான். ஒரு வேண்டுகோள்: கடிவாயில் வாய் வைத்து நஞ்சை உறிஞ்சிப் பிழைக்கவைக்கும் காட்சியை ஆட்டத்தில் வெற்றிபெற விடாதீர்கள். விளையாட்டில் பழகியது நம் ஊர் வரப்பில் கைக்கு வந்துவிடும். கடிபட்டவர் போக வேண்டிய இடம் மருத்துவமனை, அதுவும் உடனே.

இனி, எனக்குப் பிடித்த பகுதி: கண்.

பாம்புக்கு இமை இல்லை. கண்ணின் மேல் கண்ணாடி போன்ற ஒற்றைச் செதில் மூடியிருக்கும். சட்டை உரிப்பதற்குச் சில நாள் முன்பு அது பால்போல் மங்கும். அப்போது பாம்புக்குப் பார்வை சரியாகத் தெரியாது, பெரும்பாலும் இரை எடுக்காது, எரிச்சலோடு ஒதுங்கிக் கிடக்கும். ஒருமுறை கிருஷ்ணகிரி பக்கத்து மாந்தோப்பில், கிணற்று மேட்டுக் கல்லிடுக்கில் முழுச் சட்டை ஒன்று கிடைத்தது. காலுறையைக் கழற்றியதுபோல் உட்புறம் வெளியாகத் திரும்பியிருந்தது. தலைப்பகுதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண் இருந்த இடத்தில் ஓட்டை இல்லை. இரண்டு சின்ன வட்ட மூடிகள், கைக்கடிகாரக் கண்ணாடியின் வளைவோடு, கீறலின்றி இருந்தன. பாம்பு தன் பழைய பார்வையையும் சேர்த்தே கழற்றிப் போட்டிருந்தது.

உங்கள் நாகமணி இதுதான் என்கிறேன். நெற்றியில் ஒளிரும் கல் எந்தப் பாம்பிடமும் கிடையாது. உங்கள் நாகரிடமும் வேண்டாம். குழந்தை முதன்முதலாகச் சட்டை உரிக்கும்போது கழலும் இரண்டு கண்மூடிகளைத் தாய் எடுத்துத் தாயத்தில் அடைத்து வைக்கிறாள். நாகர் மொழியில் அதற்குப் பெயர் மணி. அந்தச் சொல் சந்தைக்குப் போய், பொன் வணிகன் காதில் விழுந்து, ரத்தினமாகிவிட்டது. அன்று தொடங்கி நாகரைக் கொன்று தேடுகிறார்கள். கையில் கிடைப்பது காற்றில் பறக்கும் செதில். உங்கள் தோழியின் கழுத்தில் ஒரு தாயத்தைத் தொங்கவிடுங்கள். அதில் இருப்பது அவளுடையது அல்ல, தொலைந்துபோன தம்பியுடையது என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு அவரே கதையை இழுத்துக்கொண்டு போவார்.

கண் மங்கும் அந்த நாட்களுக்கும் வழக்கம் உண்டு. அந்த வாரம் நாகரிடம் கடன் கேட்கக்கூடாது, சாட்சி சொல்ல அழைக்கக்கூடாது, பெண் பார்க்கப் போகக்கூடாது. மீறி அழைக்கும் மனித நாட்டாமை ஒருவர் கட்டாயம் இருப்பார். இமை இல்லாததால் அவர்கள் தூங்குகிறார்களா, விழித்திருக்கிறார்களா என்று பக்கத்தில் இருப்பவனுக்கும் தெரியாது. காவல் முறைக்கு இது வசதி, காதலுக்குப் பெருந்தொல்லை.

காது. பாம்புக்கு வெளிக்காது கிடையாது. தரையின் அதிர்வு தாடை எலும்பு வழியாக உள்காதுக்குப் போகிறது. காற்றில் வரும் தாழ்ந்த ஒலியும் ஓரளவு எட்டும். மகுடிக்குப் பாம்பு ஆடுவது இசைக்காக அல்ல, கண்முன் ஆடும் குழலுக்காக. ஆகவே மகுடியைக் காட்டி நாகரை மயக்க வரும் மந்திரவாதிக்கு உங்கள் நாகப்பெண் முதலில் சிரித்துவிட்டுப் பிறகு பதில் சொல்லலாம். அதைவிட நம் பக்கத்தில் பழக்கமான சிக்கல் ஒன்று உண்டு: கல்குவாரி. பாறையில் வெடி வைத்தால் நமக்கே பாத்திரம் அதிர்கிறது. தாடையால் கேட்கும் ஓர் இனத்துக்கு அது எப்படி இருக்கும்? கோட்டை கட்டத் தலைவன் மலையை உடைக்கத் தொடங்குகிறான். நாகர் குடும்பம் குடும்பமாக ஊரைவிட்டு வெளியேறுகிறார்கள். உங்கள் 12 பக்கத்தில் இருக்கும் ஏழாண்டுப் போரைவிட இது ஆழமான பகை. யார் பக்கமும் கெட்டவர் இல்லை என்பதால் ஆடுவோருக்கும் முடிவெடுப்பது கடினமாகும்.

குளிர்ந்த உடம்பு என்பதால் வெயில்தான் அவர்களுக்குப் பாதி உணவு. மார்கழியில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் விடியற்காலையில் எழுந்தவர்களுக்குத் தெரியும், அந்தக் குளிரில் நாகர் எவரும் பத்து மணிக்கு முன் சண்டைக்கு வரமாட்டார். காலையில் தாக்கினால் அவர்களுக்கு முதல் சுற்றில் பகடை கிடையாது என்று வைத்துவிடுங்கள். மாலையில் பாறை சூடாறாமல் இருக்கும் ஒரு நாழிகைதான் அவர்களுடைய ஊர்க்கூட்டம் நடக்கும் நேரம். பெரிய இரை ஒன்றை விழுங்கினால் வாரக்கணக்கில் வேறு வேண்டாம். விருந்தில் எல்லோர் இலையிலும் களியும் குழம்பும் விழ, இவர் மட்டும் கை கழுவிவிட்டுச் சும்மா இருப்பார்; வீட்டம்மாவுக்கு மனம் சுருங்கும். பஞ்ச காலத்தில் அதே ஊர் சொல்லும்: "எல்லோரும் எலும்பும் தோலுமாக இருக்கிறோம், இவர்கள் மட்டும் மெலியவில்லை, எங்கோ பதுக்குகிறார்கள்." பாம்பு புற்று கட்டுவதில்லை, கறையான் கட்டியதில் குடியேறும். எனவே "கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த" பழமொழி உங்கள் நாட்டில் நாகர்மேல் வீசப்படும் வசையாகவே இருக்கும். நாகரும் அதற்கு ஒரு பதில் பழமொழி வைத்திருக்கட்டும். அதைத் தோழியே உருவாக்கட்டும்.

குலங்களைப் பற்றிச் சுருக்கமாக. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்று நான்கு வைத்திருக்கிறீர்கள், சரி. ஆனால் கட்டுவிரியன் குலத்தார் எல்லோரும் திருடர், சுருட்டையார் எல்லோரும் கோபக்காரர் என்று எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள். பிறப்பைக் கொண்டு குணம் சொல்லும் பழக்கம் நம் ஊரில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. குணத்துக்குப் பதில் பிறப்புமுறையை எடுங்கள். முதல் இரண்டும் முட்டையிடும், பின்னிரண்டும் குட்டி போடும். நல்லபாம்பு முட்டை பொரிய ஏறக்குறைய 60 நாள் ஆகும். அந்த 60 நாளும் முட்டைக்குச் சொத்தில் பங்கு உண்டா? இந்த ஒரு வழக்கை வைத்து ஒரு மாதம் ஆடலாம்.

நாகர் என்றால் தீயவர் அல்லது தெய்வம் என்ற இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை. மணிமேகலையில் மணிப் பீடத்துக்காக மோதிக்கொள்ளும் நாக அரசர்களும் இருக்கிறார்கள்; கரையொதுங்கிய வணிகன் சாதுவனைத் தின்னப் பார்க்கும் ஆடையில்லா மலைநாகரும் இருக்கிறார்கள். சாதுவனைக் காப்பாற்றியது வாளும் வரமும் அல்ல, அவர்கள் மொழி அவனுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் ஆட்டத்திலும் நாகர் மொழி அறிந்தவருக்கு மட்டுமே திறக்கும் கதவுகள் சில இருக்கட்டும். மல்லசந்திரத்துக் கற்திட்டைகளைப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒருநாள் போய் வாருங்கள். பலகைக்கற்களை நிறுத்தி மேலே ஒரு மூடுகல் ஏற்றிய பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் அவை. அந்தக் கதவுகள் எப்படி இருக்கும் என்று அங்கே தோன்றும்.

அம்மாவைப் பற்றி: தெய்வத்துக்குத் தாக்கும் திறன் இத்தனை, உயிர்ப்புள்ளி இத்தனை என்று எண் போடாதீர்கள். நாகம்மன் ஆட்டத்துக்குள் வரவே வேண்டாம். நாகர் தெய்வம் அல்லர், மக்கள். ஆனால் மனிதர் சிலர் அவர்களைத் தெய்வமாக நினைத்துக்கொள்ளலாம். உங்கள் நாகப்பெண் ஓர் ஊருக்குள் நுழைகிறாள். அரசும் வேம்பும் பின்னிய மேடையில் நாகக்கல், மேலே மஞ்சளும் குங்குமமும். உற்றுப் பார்த்தால் முகம் அவள் பாட்டியைப் போல இருக்கிறது. அதற்குள் ஒரு மூதாட்டி கிண்ணத்தில் பாலோடு வந்து அவள்முன் வைத்துக் கும்பிடுகிறார். பாம்பு பால் குடிக்காது, நாகருக்கும் அது ஒத்துக்கொள்ளாது. அவள் என்ன செய்வாள்? பகடை இல்லாமல் இந்தக் காட்சியை ஆடிப் பாருங்கள். முடிந்தால் அம்மாவையே அந்த மூதாட்டியாகப் பேசச் சொல்லுங்கள். கேலி எங்கும் தொனிக்காமல் பார்த்துக்கொண்டால் அவர் மறுக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

கடைசியாக, வாலா காலா. "பாம்பின் கால் பாம்பறியும்" என்பது வெறும் பேச்சு இல்லை. மலைப்பாம்பின் அடிவயிற்றில், கழிவாய்க்கு இருபுறமும் நகம்போல் இரண்டு முட்கள் இருக்கும். பின்னங்கால்களின் மிச்சம் அவை. ஆகவே கால் வைத்தாலும் பொய்யாகாது. வசதிக்குக் கால்தான் நல்லது. ஏணி, குதிரை, திண்ணை எதிலும் தகராறு வராது. ஆனாலும் நான் வாலுக்குத்தான் வாக்களிப்பேன். உங்கள் ஐவரும் ஒகேனக்கல்லைப் போன்ற ஓர் ஆற்றைப் பரிசலில் கடக்க வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். எட்டடி வாலைச் சுருட்டி அவள் நடுவில் உட்கார்ந்தால்தான் பரிசல் சாயாது. மற்ற நால்வரும் அந்தச் சுருளின்மேல் கால் படாமல் விளிம்பில் ஒண்டிக்கொண்டிருக்க வேண்டும். பரிசல்காரர் துடுப்பை ஊன்றிக்கொண்டு, இவளுக்கு ஓராள் கூலியா இரண்டாள் கூலியா என்று கேட்பார். வாலா காலா என்பதைத் தோழியிடமே விட்டுவிடுங்கள். வால் என்றால் ஆட்டத்தை அந்தப் பரிசல் துறையில் தொடங்குங்கள்.