பேருந்துக்குத் தனித் தடம்: யாரைக் கேட்டு வரைவது?

நகரப் போக்குவரத்துத் திட்டமிடலில் பல ஆண்டுகள் பணியாற்றியவன், தில்லியிலும் அகமதாபாத்திலும் விரைவுப் பேருந்துத் தடங்களில், அதாவது பேருந்துக்கென்றே சாலையில் பிரித்து ஒதுக்கிய தடங்களில், நாள்தோறும் பயணம் செய்தவன் என்ற முறையில், இத்தகைய தடங்களைப் பற்றி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன்.

வேளச்சேரி வாசகர்: பேருந்துக்கென்று ஒதுக்கிய தடம் பெரும்பாலான நேரம் காலியாகக் கிடக்கிறது. பக்கத்தில் கார்கள் நெரிசலில் நிற்கின்றன. இது இடத்தை வீணாக்குவது ஆகாதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தடையே இல்லாத ஒரு தடத்தில் மணிக்கு ஏறத்தாழ 1,800 கார்கள் போகலாம். சிக்னல் பாதி நேரம் சிவப்பில் இருந்தால் அது 900 ஆகிவிடும். காருக்குச் சராசரியாக ஒன்றரைப் பேர் என்று வைத்தால் 1,350 பேர். அதே தடத்தில் நிமிடத்துக்கு ஒரு பேருந்து, அதில் 60 பேர் என்றால் 3,600 பேர். ஒரு பேருந்து உங்களைக் கடக்க மூன்று, நான்கு விநாடிகள்தான் ஆகும். மீதி நேரம் தடம் காலியாகத்தான் தெரியும். அப்படிக் காலியாக இருப்பதால்தான் அடுத்த பேருந்து நிற்காமல் வருகிறது. வாகனங்களை அல்ல, மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கையும் சொல்கிறது.

கோயம்புத்தூர் வாசகர்: அப்படியானால் தில்லியில் இந்தத் தடத்தை ஏன் இடித்துத் தள்ளினார்கள்?

அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் தடம் 2008 ஏப்ரலில் சோதனை ஓட்டத்துக்கு வந்தது. தில்லி கேட் வரை 14.5 கிலோமீட்டர் என்று திட்டமிட்டதில் அவ்வளவுதான் முடிந்திருந்தது. தடத்தில் மிச்சப்படுத்திய நிமிடங்களை, மூல்சந்தைத் தாண்டியதும் பேருந்து நெரிசலில் இழந்தது. எந்த நகரப் பேருந்தும் உள்ளே வரலாம் என்ற ஏற்பாடு இருந்ததால், சிராக் தில்லி சந்திப்பில் நிறுத்தத்துக்கு முன் நான்கைந்து பேருந்துகள் வரிசைகட்டி நிற்கும். முன்னால் நிற்கும் பேருந்து ஆளேற்றி முடிப்பதற்குள் பச்சை விளக்கு போய்விடும். பின்னால் நிற்கும் பேருந்திலிருந்து பயணிகள் பொறுமையிழந்து தடத்திலேயே குதித்து இறங்கி, பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி கார்களுக்கு நடுவே ஓடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சாலையின் நடுவில் ஓடும் பேருந்துக்கும், வலப்புறம் திரும்பும் காருக்கும், கடக்கும் மனிதருக்கும் தனித்தனியாக நேரம் பிரித்ததில் சிக்னலின் ஒரு சுற்று மிக நீண்டுபோனது. கார் ஓட்டுநரின் கோபத்துக்கு அந்தக் காத்திருப்பு ஒரு முக்கியக் காரணம். தடத்தைக் கார்களுக்குத் திறந்துவிடக் கோரிய மனுவை உயர்நீதிமன்றம் 2012 அக்டோபரில் தள்ளுபடி செய்தது. ஆனாலும் 2015இல் அரசு தடத்தை அகற்ற முடிவெடுத்தது. 2016 ஜனவரியில் உடைக்கும் பணி தொடங்கியது. வழக்கில் வென்ற தடத்துக்கு ஆதரவாகத் தெருவில் குரல் எழவில்லை. காரில் போனவர்களின் குறை செய்தித்தாள்களில் வந்தது. பேருந்தில் போனவர்களிடம் யாரும் போய்க் கேட்கவில்லை.

ஆகவே என் முதல் எச்சரிக்கை: சந்திப்பையும், மக்கள் சாலையைக் கடக்கும் இடத்தையும் முதலில் வரையுங்கள், தடத்தை அதற்குப் பிறகு வரையலாம்.

மதுரை வாசகர்: மெட்ரோவே வந்துவிட்டால் இது எதற்கு?

சுரங்க மெட்ரோவுக்குக் கிலோமீட்டருக்குப் பல நூறு கோடி ரூபாய் ஆகும். எல்லாச் சாலைக்கும் அது வராது. வந்த இடத்திலும் நிலையத்துக்குப் போய்ச்சேரப் பேருந்து வேண்டும்.

கடைவீதி வணிகர்: என் கடை வாசலில் வண்டி நிறுத்த இடம் போனால் வாடிக்கையாளர் எப்படி வருவார்? எங்களை யாராவது கேட்டீர்களா?

உங்களைக் கேட்காமல் வரைந்தால் தவறுதான். ஒரே ஒரு நாள், கடைக்கு வந்தவர்கள் நடந்து வந்தார்களா, பேருந்தில் வந்தார்களா, வண்டியில் வந்தார்களா என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை உங்கள் கையில் இருந்தால் அதிகாரி அதை மறுக்க முடியாது.

அதே வணிகர்: சென்ற சனிக்கிழமை எண்ணினேன். காரில் வந்தவர் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருசக்கர வண்டிகள் பாதிக்கு மேல். அரிசி மூட்டை லாரி எங்கே நிற்கும்?

எண்ணியதற்கு நன்றி. இருசக்கர வண்டிக்குப் பக்கத்துத் தெருவின் முனையில் இடம் ஒதுக்க முடியும். ஒரு கார் நிற்கும் இடத்தில் ஐந்தாறு வண்டிகள் நிற்கும். லாரி பற்றிய கேள்வி மிகச் சரியானது. வரைபடத்தில் சரக்கு இறக்கும் இடத்தைக் குறிக்காமல் விடுவதைப் பல திட்டங்களில் பார்த்திருக்கிறேன். பிறகு அந்த லாரி நடைபாதையில் ஏறும், நடந்து வந்தவர் சாலையில் இறங்குவார். விடியற்காலை நேரமும், நாலைந்து கடைக்குப் பொதுவான ஓர் இடமும் எழுத்தில் வரும்வரை நீங்கள் கையொப்பம் இட வேண்டாம்.

அதே வணிகர்: பள்ளம் தோண்டி இரண்டு வருடம் போட்டுவிட்டால்?

உங்கள் கேள்விகளில் இதுவே கனமானது. கட்டுமானக் கால நட்டம் உண்மையானது. பின்னால் வரும் நன்மையைக் காட்டி அதை இல்லையென்று சொல்வது நேர்மையாகாது. அரை கிலோமீட்டர் அளவில் பகுதி பகுதியாக எடுத்து, ஒன்றை மூடிய பிறகே அடுத்ததைத் தோண்ட வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். உங்கள் சங்கம் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது அதைத்தான்.

திருச்சி வாசகர்: காலித் தடத்தில் ஆம்புலன்ஸையும் காரையும் விட்டால் என்ன?

ஆம்புலன்ஸை விடலாம், விட வேண்டும். காரைப் பற்றி முதல் கேள்விக்கான பதிலைப் பாருங்கள்.

தாம்பரம் வாசகி: பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 முதல் கட்டணமில்லாப் பயணம் இருக்கிறது. தனித் தட நிலையத்தில் வாயிற்கதவு வைத்தால் எங்கள் நிலை என்ன?

நல்ல கேள்வி, இதுவரை எந்த வரைபடத்திலும் இதற்கு விடையை நான் பார்த்ததில்லை. அகமதாபாத்தில் 2009இல் தொடங்கிய ஜன்மார்க் என்ற விரைவுப் பேருந்துச் சேவையில் சாலை நடுவே உள்ள நிலையத்திலேயே சீட்டு வாங்கிவிடுவார்கள். பேருந்தின் தளமும் நடைமேடையும் ஒரே உயரம். படியேறும் தாமதமும் நடத்துநருக்காகக் காத்திருக்கும் தாமதமும் இல்லை. இங்கோ கட்டணமில்லாச் சீட்டைப் பேருந்துக்குள் நடத்துநர் தருகிறார். வாயிலிலேயே அதைத் தருவதற்கு ஆள் இருக்க வேண்டும். மாலையில் கைக்குழந்தையும் காய்கறிப் பையுமாக வரும் பெண்ணை இயந்திரத்தின் முன் நிறுத்தக் கூடாது. நடு நிலையத்துக்குக் கடக்கும் இடம் தரைமட்டத்தில், விளக்குடன் வேண்டும். நடை மேம்பாலம் கட்டித் தருகிறோம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முழங்கால் வலி உள்ளவர் அதில் ஏற மாட்டார், தடுப்பைத் தாண்டிக் குதிப்பார்.

சேலம் வாசகர்: எங்கள் ஊர்ப் பேருந்து நேரத்துக்கு வருவதில்லை.

பணிமனை மேலாளரிடம் வழித்தட எண்ணும் தேதியும் குறிப்பிட்டு எழுதிக் கொடுங்கள்.

ஆவடி வாசகர்: மெட்ரோவே போதாதா?

மேலே எழுதிவிட்டேன்.

திருநெல்வேலி வாசகர்: கருத்துக் கேட்புக் கூட்டத்தை எப்படி நடத்தச் சொல்ல வேண்டும்?

ஒரு நகரில் நான் கலந்துகொண்ட கூட்டம் வேலைநாள் காலை பதினொரு மணிக்குக் குளிரூட்டிய அரங்கில் நடந்தது. வந்திருந்தவர்களில் அன்று பேருந்தில் வந்தவர் யார் என்று கேட்டேன். பின்வரிசையில் இரண்டு கைகள் உயர்ந்தன. வேலைக்குப் போனவர்களும் கட்டட வேலைப் பெண்களும் கல்லூரி மாணவர்களும் அந்த நேரத்தில் வேறெங்கோ நின்றுகொண்டிருந்தார்கள். எனவே மாலை ஆறு மணிக்கு மேல் பேருந்து நிறுத்தத்திலேயே மேசை போட்டு, வரைபடத்தை விரித்து வைக்கச் சொல்லுங்கள். நிலையத்தின் முழு அளவு மாதிரி ஒன்றைச் சாலையோரம் கட்டி, ஏறி இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அகமதாபாத்தில் முதலில் சில மாதம் கட்டணமின்றி ஓட்டிப் பயணிகளின் குறைகளைக் கேட்டார்கள். அந்த அவகாசத்தையும் கேளுங்கள். கூட்டத்துக்குப் போகும்போது ஒரு முழ நீளக் கோலை எடுத்துப் போய், கடக்கும் இடத்தில் தடுப்புத் திட்டின் அகலம் சக்கர நாற்காலி நிற்கப் போதுமா என்று வரைபடத்தின் அளவோடு ஒப்பிட்டுத் தரையில் அளந்து காட்டுங்கள்.